மடுவத்தில் கழியும் முட்டைகள்: மட்டக்களப்பு மாட்டின் தாய்வழியை யார் காப்பது?

2022 டிசம்பர் இரண்டாம் வாரம். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்துகொண்டிருந்த நாட்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பட்டிகளில் நின்ற மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் குளிரில் விறைத்து விழுந்தன. சில நாட்களுக்குள் இறந்த கால்நடைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கடுங்குளிரே காரணம் என்றார்கள் அதிகாரிகள். படங்கள் வெளியாகின, நட்டஈடு பற்றிப் பேசப்பட்டது, பிறகு எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

இறந்த மாடுகளின் விலையைக் கணக்கிட்டவர்கள் பலர். அவற்றோடு சேர்ந்து எந்த இனத்தின் எந்தத் தாய்வழிகள் அழிந்தன என்று எவரும் கணக்கிடவில்லை. கணக்கிடவும் முடியாது. அதற்கான பதிவு எம்மிடம் இல்லை, மாதிரிகளும் இல்லை.

இந்தக் கட்டுரை கால்நடைகளின் முட்டைக் கலங்களை உறையவைத்துப் பாதுகாக்கும் தொழில்நுட்பம் பற்றியது. முட்டை என்றதும் கோழி முட்டை நினைவுக்கு வரக்கூடும். இங்கே பேசப்படுவது பசுவின், எருமையின் சூலகத்தில் இருக்கும் சூல். கண்ணுக்கு ஒரு நுண்புள்ளியாக மட்டுமே தெரியக்கூடிய அந்தக் கலத்தைப் பழுதாகாமல் உறையவைத்து, பல வருடங்கள் கழித்து உருக்கி, ஒரு கன்றை உருவாக்கும் முயற்சியில் உலகின் ஆய்வுகூடங்கள் 30 வருடங்களுக்கு மேலாக ஈடுபட்டிருக்கின்றன. அது மெல்ல மெல்லக் கைகூடி வருகிறது. மட்டக்களப்பு வாவியின் கரையில் இருக்கும் எமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது என்பதே என் வாதம்.

வாவியின் இரு கரைகள்

காத்தான்குடியில் மேய்ச்சல் தரை கிடையாது. கடலுக்கும் வாவிக்கும் இடையே நெருக்கி அடித்துக் கட்டப்பட்ட ஊர் இது. ஒரு பட்டி மாட்டை நிறுத்த வெற்று நிலம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் மாடு இல்லாமல் இந்த ஊரின் சாப்பாடும் இல்லை, வியாபாரமும் இல்லை. காலையில் இறைச்சிக் கடை, கடைத்தெருவில் தயிர்ச்சட்டி, ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா. இவை அனைத்துக்குமான மாடு பெரும்பாலும் வாவிக்கு அப்பாலிருந்து, படுவான்கரையிலிருந்தும் அதற்கும் மேற்கே உள்ள மேய்ச்சல் தரைகளிலிருந்தும் வருகிறது. அங்கே வளர்ப்பவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். இங்கே அறுப்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். யுத்தமும் கசப்பும் இடையில் வந்த காலங்களிலும் இரு கரைகளையும் இணைத்த பழைய உறவுகளில் ஒன்று இந்த மாட்டு வியாபாரம்.

அந்த மாடு எது? பெரும்பாலும் சின்ன உடம்புள்ள நாட்டு மாடு, அல்லது அதோடு வெளியினம் கலந்த மாடு. நாட்டுப் பசு ஒரு நாளைக்குத் தருவது ஓரிரு லீற்றர் பால்தான். ஆனால் கோடையில் காய்ந்த புல்லைத் தின்றும் உயிர் வாழும், உண்ணிக் கடியைத் தாங்கும், வைத்தியர் வராத காட்டிலும் கன்று போடும். எல்லைக்கு அப்பால் பொலன்னறுவைப் பக்கத்தில் தமன்கடுவை வெள்ளை மாடு என்று அறியப்படும் உயரமான உள்ளூர் இனம் இருக்கிறது. எருமைகளிலும் இந்த மண்ணுக்கே பழகியவை உண்டு. மட்டக்களப்புத் தயிரின் பெயர் இந்த எருமைகளின் உழைப்பு.

இவை கலப்பினத்தால் கரைந்து வருகின்றன. அதில் ஆச்சரியம் இல்லை. பால் கூட்ட வேண்டும் என்ற கொள்கையே கலப்பினத்தைத்தான் முன்வைத்தது.

விந்து மட்டும் போதாது

1949இல் பிரித்தானியாவில் கிறிஸ்டோபர் பொல்ஜும் அவருடைய சக ஆய்வாளர்களும், கிளிசரோல் சேர்த்தால் விந்துக் கலங்கள் உறைநிலையில் பிழைக்கும் என்று கண்டறிந்தார்கள். ஒரு போத்தலில் தவறாக ஒட்டப்பட்டிருந்த லேபலே இந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது என்பது விஞ்ஞான வட்டாரத்தில் பிரபலமான கதை. அதிலிருந்து ஓரிரு வருடங்களில் உறைந்த விந்திலிருந்து கன்று பிறந்தது. பிறகு உலகமே மாறியது. ஒரு காளை தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பசுக்களுக்குத் தகப்பனாக முடிந்தது.

இலங்கையிலும் குண்டசாலையில் உள்ள மத்திய செயற்கை முறைச் சினைப்படுத்தல் நிலையம் வழியாக இந்தத் தொழில்நுட்பம் கிராமம் வரை வந்தது. திரவ நைதரசன் கொள்கலனைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் உத்தியோகத்தரைப் பண்ணையாளர்கள் நன்கு அறிவார்கள். அந்தக் கொள்கலனில் பெரும்பாலும் இருந்தது ஜேர்சி, பிரீசியன், சாஹிவால் போன்ற இனங்களின் விந்து. பால் கூடியது உண்மை. கூடவே ஒவ்வொரு தலைமுறையிலும் நாட்டு மாட்டின் பங்கு பாதிப் பாதியாகக் குறைந்தது.

இப்போது யாராவது, நாட்டுக் காளையின் விந்தைச் சேமித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அது அவசியம், ஆனால் பாதி வேலைதான். ஓர் இனத்தின் பசுக்கள் எல்லாம் அழிந்து விந்து மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு இனப் பசுவுக்கு அந்த விந்தைச் செலுத்தினால் கன்று பாதி நாட்டு மாடு. அந்தக் கன்றுக்கு மீண்டும் அதே இனத்தின் விந்து, முக்கால் பங்கு. இப்படி ஐந்து தலைமுறை போனால் சுமார் 97 வீதம் வரும். மாட்டின் ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு வருடங்கள் என்று பார்த்தால், அதற்கு ஏறக்குறைய 20 வருடங்கள். அதன் பிறகும் ஒன்று திரும்பி வராது. கலத்தின் சக்தி நிலையமான இழைமணி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. விந்தில் அது கடத்தப்படுவதில்லை. தாய்வழி போனால் போனதுதான்.

முளையத்தை உறையவைக்கலாமே என்பது அடுத்த கேள்வி. 1973இலேயே கேம்பிரிட்ஜில் உறைந்த முளையத்திலிருந்து கன்று பிறந்துவிட்டது. முளையம் இரு பக்கத்தையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. ஆனால் முளையம் என்றால் எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்பதை இன்றே முடிவுசெய்துவிட்டோம் என்று பொருள். முட்டையாக வைத்தால் அந்தத் தெரிவு 20 வருடங்களுக்குப் பின் வருபவர்களின் கையில் இருக்கும். இன்னொன்றும் உண்டு. திடீரென இறந்த அல்லது அறுக்கப்பட்ட பசுவிடமிருந்தும் முட்டையை எடுக்க முடியும். எமது சூழலில் இதுவே முக்கியம்.

முட்டை ஏன் உறைய மறுக்கிறது

தண்ணீர்ப் போத்தலை நிரப்பி உறைபெட்டியில் வைத்தால் வெடிக்கும். கலத்துக்கும் அதே கதை. உள்ளே இருக்கும் நீர் பளிங்காக மாறும்போது கூரான பனித்துணுக்குகள் மென்சவ்வைக் கிழிக்கின்றன. விந்துக் கலம் மிகச் சிறியது, அதில் நீரும் குறைவு. பசுவின் முட்டையோ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரியது. கலங்களின் உலகத்தில் அது ஒரு பூதம். உள்ளே உள்ள நீர் வெளியேறவும் பாதுகாப்புத் திரவம் உள்ளே போகவும் நேரம் எடுக்கும்.

அதோடு மூன்று தனிப் பிரச்சினைகள். முதலாவது, நிறமூர்த்தங்களைச் சரியாகப் பிரித்து அனுப்பும் கதிர் என்ற நுண்ணிய இழை அமைப்பு குளிரைத் தாங்காது. உறைவதற்கு வெகு முன்பே, அறை வெப்பநிலையிலேயே அது கலையத் தொடங்கும். இரண்டாவது, முட்டையைச் சுற்றியுள்ள உறை நேரத்துக்கு முன்பே இறுகி விந்தை உள்ளே விடாது. மூன்றாவது, முட்டைக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகள். பன்றியின் முட்டையில் கொழுப்பு மிக அதிகம் என்பதால் அது குளிரிலேயே பழுதாகிறது. எருமையின் முட்டையிலும் கொழுப்பு குறைவில்லை. தயிருக்குப் பெயர்போன ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல.

இதற்கான விடை பனியே உருவாகாமல் தடுப்பதுதான். சீனிப் பாகைக் காய்ச்சி வேகமாக ஆறவிட்டால் பளிங்காகாமல் கண்ணாடி போல இறுகும் அல்லவா? அதே போல எத்திலீன் கிளைக்கோல், டைமீதைல் சல்பொக்சைட், சுக்குரோசு போன்றவற்றின் செறிந்த கரைசலில் முட்டையைச் சில கணங்கள் வைத்து, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸில் இருக்கும் திரவ நைதரசனில் அமிழ்த்தினால் நீர் கண்ணாடியாக நின்றுவிடும். கண்ணாடியாக்கல் எனப்படும் இம்முறையில் எலி முளையங்களை உறையவைத்துப் பிழைக்கச் செய்யலாம் என்று 1985இல் ரோலும் பாஹியும் காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் உறையவைத்த மாட்டு முட்டைகளிலிருந்து கன்றுகளைப் பெற்றார்கள்.

அதன் பிறகு வந்த முன்னேற்றங்கள் சிறியவை, ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்பவை. 1998இல் டென்மார்க்கில் வைற்றாவின் குழு மெல்லிதாக இழுத்த குழாயைப் பயன்படுத்தியது. பிறகு ஜப்பானில் குவயாமா, தலைமுடி போன்ற மெல்லிய படலத்தின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு துளியில் முட்டையை வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். துளி சிறிதானால் குளிர்வதும் வேகம், உருகுவதும் வேகம். உறையவைக்கும் வேகத்தைவிட உருக்கும் வேகமே உயிரைத் தீர்மானிக்கிறது என்பது எலி முட்டைகளில் நடந்த ஆய்வுகள் தந்த பாடம். மென்சவ்வை நெகிழ்வாக்கக் கொலஸ்திரோல் சேர்ப்பது, கொழுப்பைக் கரைக்கக் கானிற்றீன் சேர்ப்பது என்று முயற்சிகள் தொடர்கின்றன.

ஆனாலும் கணக்கு இன்னும் கடினமானது. நல்ல ஆய்வுகூடத்தில் உறையவைக்காத மாட்டு முட்டைகளில் நூற்றுக்கு 30 முதல் 40 வரை மாற்றத்தக்க முளையமாக வளரும். உறையவைத்து உருக்கியவற்றில் பெரும்பாலும் அதில் பாதிகூட வருவதில்லை. ஆகவே இதை மந்திரக்கோலாக விற்பவர்களை நம்ப வேண்டாம். அதே நேரம், இது நடக்காது என்று ஒதுக்கவும் வேண்டாம்.

மடுவத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு

உலகில் இந்த ஆய்வுக்குப் பயன்படும் மாட்டு முட்டைகளில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? மடுவத்திலிருந்து. அறுத்த பசுவின் சூலகத்தை இளஞ்சூடான உப்புநீரில் இட்டுச் சில மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுத்து, 38.5 பாகையில் ஒரு நாள் முதிர வைக்கிறார்கள். இந்தியாவின் கர்னாலில் உள்ள தேசிய பாற்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் எருமை ஆய்வுகளும் பெரிதும் இப்படி வந்த சூலகங்களில்தான் நடந்தன. அங்கேதான் 1990இல் ஆய்வுகூடக் கருக்கட்டலில் உருவான உலகின் முதல் எருமைக் கன்று பிறந்தது. எருமை முட்டைகளைக் கண்ணாடியாக்கும் ஆய்வுகளையும் அதே நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்டது.

ஒரு பசு பிறக்கும்போதே அதன் சூலகங்களில் இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளுக்கான வித்து இருக்கிறது. வாழ்நாளில் அவற்றில் கன்றாவது ஐந்தோ எட்டோ. மிச்சம் அறுக்கப்படும் நாளில் கழிவுக் குழிக்குப் போகிறது. காத்தான்குடியிலிருந்து வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அங்கே விவசாய பீடமும் விலங்கு விஞ்ஞானத் துறையும் இருக்கின்றன. பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது. சூலகம் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேரும் தூரத்தில் ஆய்வாளர்கள் இருக்கும்போது, இடையில் இல்லாதது ஒரு சுடுநீர்க் குடுவையும் ஓர் உடன்பாடும்தான் என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். பயிற்சி, உபகரணம், நிதி எல்லாம் வேண்டும். ஆனால் மூலப்பொருள் இலவசமாக வீணாகிறது என்பது மிகையல்ல.

இங்கே ஒரு சட்டச் சிக்கலையும் சொல்ல வேண்டும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மிருகங்கள் சட்டம் இனவிருத்திக்குத் தகுதியான பசுக்களையும் பசுக்கன்றுகளையும் அறுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே சட்டப்படி மடுவத்துக்கு வரும் பசு வயதானது. அதன் முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைவு. நல்ல தாய்ப்பசுவிடமிருந்து எடுக்க வேண்டுமானால், உயிருள்ள பசுவிலிருந்து ஸ்கேன் கருவியின் துணையோடு முட்டையை உறிஞ்சும் முறையைப் பழக வேண்டும். அது பசுவைக் கொல்வதில்லை, ஆனால் செலவு கூடியது. மடுவத்துச் சூலகம் கைபழகுவதற்கு, பட்டியில் நிற்கும் பசு பாதுகாப்பதற்கு என்று இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

மாடறுப்பு என்ற சொல்லே எமது அரசியலில் எப்படிப் பயன்பட்டது என்பதை மறக்க முடியாது. 2020 செப்டம்பரில் அன்றைய அரசாங்கம் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனையை முன்வைத்தது. இறைச்சி உண்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. 2021 ஒக்டோபரில் சட்டங்களைத் திருத்த அமைச்சரவை அனுமதித்தது. அந்த விவாதம் முழுவதும் யார் மாட்டைத் தின்கிறார்கள் என்பது பற்றியே இருந்தது. மாட்டின் இனம் அழிகிறதா என்று கேட்டவர்கள் அரிது. ஊடகங்களும் அப்படித்தான் எழுதின. கிழக்கில் மாடு என்றால் இனமுறுகல், திருட்டு, நிலத்தகராறு என்ற தலைப்புகளுக்குள் மட்டுமே செய்தியாகிறது.

குளிரைக் காப்பதற்கும் மின்சாரம் வேண்டும்

உறைந்த முட்டை தானாக நிலைத்திருப்பதில்லை. திரவ நைதரசன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. யாராவது ஒருவர் தவறாமல் நிரப்ப வேண்டும். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு கருத்தரிப்பு நிலையத்தின் கொள்கலன் பழுதானதில் 4,000க்கும் மேற்பட்ட மனித முட்டைகளும் முளையங்களும் அழிந்தன. பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டிலேயே இது நடந்தது.

எமது நாட்டை நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. காற்றிலிருந்து நைதரசனைப் பிரித்துத் திரவமாக்கவும் மின்சாரம் வேண்டும், அதைக் கொண்டுசெல்ல டீசலும் வேண்டும். அந்த வருடத்தில் ஒரு மரபணு வங்கியை நம்பி மொத்த இனத்தையும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் ஒரே மாதிரியை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும் என்று உலக உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டல்கள் வலியுறுத்துகின்றன. குண்டசாலையில் ஒன்று என்றால் இன்னொன்று வேறு மாகாணத்தில். நோய் அபாயமும் உண்டு. முட்டை நேரடியாக நைதரசனில் தொடும் திறந்த முறையில் கிருமி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவ இடமிருக்கிறது. 2020இல் வடக்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தோல் கழலை நோய் 2023இல் மீண்டும் பரவியதைப் பார்த்த நாம் இதை அலட்சியப்படுத்த முடியாது.

யாருடைய மாட்டுக்காக?

தொழில்நுட்பம் இரு பக்கமும் வெட்டும். முட்டையையும் முளையத்தையும் நன்றாக உறையவைக்க முடிந்தால், மட்டக்களப்பு மாட்டைக் காப்பாற்றவும் முடியும். அதே கொள்கலனில் வெளிநாட்டு இனத்தின் முளையங்களை இறக்கி, மிச்சமிருக்கும் நாட்டுப் பசுக்களை வாடகைத் தாய்களாக மாற்றவும் முடியும். இரண்டாவதுதான் விரைவாக நடக்கும். அதில் விற்பவருக்கு இலாபம் இருக்கிறது.

2014இல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்திலிருந்து 20,000 கறவை மாடுகளை இறக்குமதி செய்ய இலங்கை உடன்பட்டது. அதில் முதல் 5,000 வந்து சேர்ந்த பின், நோயுற்று இறந்த பசுக்களையும் கடனில் மூழ்கிய பண்ணையாளர்களையும் 2019இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குளிர் நாட்டுப் புல்லுக்குப் பழகிய மாட்டை இந்த வெயிலில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு எமக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

இன்னொரு உதாரணம் பிரேசில். இந்தியாவின் ஓங்கோல், கிர் மாடுகளைக் கொண்டுபோன அந்த நாடு, அவற்றைத் தேர்ந்து பெருக்கி, இன்று ஆய்வுகூட முளைய உற்பத்தியில் உலகின் முன்னணியில் நிற்கிறது. ஓங்கோலின் வழித்தோன்றலுக்கு அங்கே நெலோர் என்று பெயர், நெல்லூரின் நினைவாக. பின்னர் கிர் விந்தைப் பிரேசிலிலிருந்து தருவிக்க இந்தியாவே முனைந்தது. தன் மாட்டின் மதிப்பை முதலில் அறிந்தவன் எவனோ அவனிடமே பிறகு விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உருக்கிய முட்டை கன்றாகப் பிறந்தால் அது எங்கே மேயும்? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கைக்கு எதிராக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டம் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டது. ஓர் இனம் என்பது பரம்பரை அலகுகளின் பட்டியல் மட்டுமல்ல. அந்த மாடு தெரிந்துவைத்திருக்கும் நீர்நிலையும், பட்டிக்காரர் தெரிந்துவைத்திருக்கும் பருவமும் சேர்ந்ததே இனம். இவற்றை நைதரசனில் உறையவைக்க முடியாது. மேய்ச்சல் தரையை இழந்துவிட்டு முட்டையைச் சேமிப்பது, வளவை விற்றுவிட்டு விதைநெல்லைப் பத்திரப்படுத்துவது போன்றது.

எனவே என் பார்வையில் செய்ய வேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், கால்நடை வைத்திய அலுவலகங்கள் வழியாக மாவட்டத்தில் கலப்பில்லாத நாட்டு மாடுகளும் எருமைகளும் எந்தப் பட்டிகளில் மிஞ்சியிருக்கின்றன என்று பதிவுசெய்ய வேண்டும். இரண்டாவது, இன்றே கைக்கெட்டும் மலிவான வேலையைத் தொடங்க வேண்டும். உள்ளூர்க் காளைகளின் விந்தும், பசுக்களின் காதிலிருந்து எடுக்கும் சிறு தோல் மாதிரியும் சேமிக்கப்பட வேண்டும். மூன்றாவது, கிழக்குப் பல்கலைக்கழகமும் பேராதனையும் நகரசபைகளின் மடுவங்களோடு பேசி, சூலகங்களை ஆய்வுக்குப் பெறும் முறையை உருவாக்க வேண்டும். இன்று அந்தக் கையைப் பழக்கினால்தான், தொழில்நுட்பம் முதிரும்போது அதை வாங்குபவர்களாக மட்டுமன்றிச் செய்பவர்களாகவும் இருப்போம். நான்காவது, சேமிக்கப்படும் எதற்கும் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். மாதிரி கொடுத்த பண்ணையாளரின் பெயர் அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.

இவை எதற்கும் காத்தான்குடிக்காரர் படுவான்கரைக்காரரை நம்ப வேண்டும், படுவான்கரைக்காரர் காத்தான்குடிக்காரரை நம்ப வேண்டும். மாட்டு வியாபாரத்தில் அந்த நம்பிக்கை ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. மேய்ச்சல் தரைக்கான போராட்டம் தமிழருடையது, மாடறுப்புத் தடைக்கு எதிரான குரல் முஸ்லிம்களுடையது என்று பிரித்து வைத்திருப்பவர்கள் நாம்தான். படுவான்கரையில் மாடு இல்லாமல் போனால் இறைச்சிக் கடையும் மூடும், தயிர்ச்சட்டியும் கவிழும். அந்த நட்டம் வாவியின் ஒரு கரையோடு நிற்காது.